போதுமுங்க என்ற பிறகு

கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது. கறுப்புச் சட்டம், ஒரு கால் நூலால் இறுக்கிக் கட்டியது. கீழே அட்டையில் 'இயக்குநர் இறுதிவரை அணிந்திருந்த கண்ணாடி' என்று எழுதியிருக்கிறார்கள்.

அது சரியில்லை. அவருக்குப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. அதில் இருப்பது வெறும் கண்ணாடி. அவர் அதை அணிந்ததைவிட மற்றவர் வீடுகளில் மறந்து வைத்ததுதான் அதிகம். மறந்து வைப்பதற்கென்றே வாங்கியது.

கோயமுத்தூரில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சாலையை அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நூல் ஓடிய கூடங்களில் இப்போது அவருடைய படங்கள் ஓடுகின்றன. தடை செய்யச் சொல்லி ஊர்வலம் போன படங்கள், திரையரங்கில் நாற்காலி உடைந்த படங்கள், எல்லாவற்றையும் இன்று குளிரூட்டிய அறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லவரும் ஆளைத் தெரியாமல் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

அவர் ஒரு வீட்டுக்குப் போவார். காப்பி குடிப்பார், குழந்தைகளைக் கொஞ்சுவார், "அப்ப வரட்டுங்களா" என்று கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பார். அங்கே ஒரு பீடியைப் பற்றவைத்துப் பாதி இழுத்துவிட்டு, விடுவிடுவென்று திரும்பி அதே வீட்டுக்குள் நுழைவார். "கண்ணாடிய வெச்சுட்டுப் போயிட்டனுங்க." ஆனால் அவர் கண் கண்ணாடியைத் தேடாது. அங்கிருப்பவர்களின் முகங்களைப் பார்க்கும்.

"விருந்தாளி போனதுக்கப்பறம் ஒரு மூஞ்சி வரும் பாருங்க வாத்தியாரே, அதுதான் அவிங்க மூஞ்சி. அதுக்கு முந்தினதெல்லாம் நமக்கு விரிச்ச பாய்" என்பார்.

எங்கள் பக்கத்தில் இதைப்போல் ஒரு குறும்பு வேறு கிடையாது. முகத்துக்கு நேரே நாங்கள் கடுமையாகப் பேசுவதில்லை. திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். வந்தவர் வாசல் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு வாய் திறக்கும். அவர் அந்த நேரத்தைக் குறிவைத்தார்.

நான் அப்போது ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாடகைக் கூடத்தில் வெளிநாட்டுப் படங்கள் போடுவோம். படம் முடிந்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து எல்லாரோடும் சண்டை பிடிப்பார். அப்படித்தான் பழக்கம். அவருடைய முதல் படத்துக்கு நான் வசனம் எழுதினேன். பிறகு எல்லாப் படங்களிலும் கூட இருந்தேன்.

அவருடைய தாய்மாமன் ஒரு நூற்பாலை வைத்திருந்தார். அந்த மாமன் வீட்டில் படம் எடுக்க அனுமதி கேட்க இருவரும் போனோம். மாமன் தாராளமாக, "உனக்கில்லாததா கண்ணு? உன்ற ஊடு மாதிரி நெனச்சுக்க" என்றார். வெளியே வந்தோம். பாதி பீடி. திரும்பினோம். உள்ளே மாமன் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தத் தறுதலைக்கு ஊட்டக் குடுத்தா நாளைக்கு நம்மளையே அம்மணமா எடுத்து ஊரெல்லாம் காட்டிப்போடுவான்."

நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். அவர் நேரே போய் மாமன் எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, அத இன்னொருக்கா சொல்லுங்க. நெம்ப நல்லா இருந்துச்சு."

மாமனின் முகம் கறுத்து, சிவந்து, கடைசியில் சிரிப்பில் போய் முடிந்தது. "வாரேன்னு சொல்லிட்டுப் போறவன் நெசமாவே வந்து நின்னா நாங்க எப்பத்தாண்டா பேசறது?" என்றார். வீடும் கிடைத்தது. அந்த வசனம் எழுத்து பிசகாமல் படத்தில் வந்தது. அதைச் சொன்ன நடிகன் கையில் மாமனுடைய மோதிரத்தைப் போலவே ஒன்றும் இருந்தது. படம் பார்த்துவிட்டு மாமன், "என்னையவிட அவன் நல்லா பண்ணியிருக்கான்" என்றாராம்.

எல்லாரும் மாமனைப்போல் எடுத்துக்கொள்ளவில்லை. தாராபுரத்தில் ஒரு திரையரங்கில் அவர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் திரையை நோக்கிச் செருப்பை வீசினார். சொந்த அண்ணன் தம்பிகள் அமராவதிக் கரை வயலைப் பங்கு போடும் காட்சி. விளக்கைப் போட்டார்கள். நான் பின்வாசல் வழியாகப் போய்விடலாம் என்றேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீசியவரைத் தேடிப் போனார்.

"ஏனுங்க, இது உங்குளுதுங்களா?"

அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். "ஆமாங்க. கோவத்துல வீசிப்போட்டனுங்க."

"அதுக்கென்னங்க. எந்த எடத்துல கோவம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அரைமணி நேரம் இருவரும் படியில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த ஆள் தன் தம்பியோடு பேச்சு விட்டதைச் சொல்லி அழுதார். எனக்கு அன்று அவர்மேல் எவ்வளவு மரியாதை வந்தது என்றால், அவர் அந்த ஆளின் கண்ணீரைக் கவனித்த விதத்தை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த படத்தில் ஒருவன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான்.

படப்பிடிப்பிலும் இதே வேலைதான். அந்தக் காலத்துக் கேமரா ஓடும்போது கரகரவென்று சத்தம் போடும். அவர் அதன்மேல் சென்னிமலைப் போர்வைகளைச் சுற்றி, பக்கத்தில் ஜெனரேட்டரையும் ஓடவிடுவார். காட்சி முடிந்ததும் 'போதும்' என்று அறிவிப்பு வரும். கேமராமேன் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். எல்லாரும் உடம்பைத் தளர்த்துவார்கள். கேமரா மட்டும் போர்வைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது படத்துக்குள் அவர் 'போதும்' என்றால் நம்பக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. "போதுமுங்க, எல்லாரும் காப்பி சாப்பிடலாமுங்க" என்று நான் சொல்வேன். வகுப்பறையில் பழகிய குரல், கெட்டுப்போகாத பெயர். என்னை நம்பினார்கள். கண்காட்சியில் என் பெயருக்குக் கீழே 'வசனம், திரைக்கதை உதவி' என்று போட்டிருக்கிறார்கள். நான் செய்த முக்கியமான உதவி இதுதான்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "பேரையும் ஊரையும் மாத்திப்போட்டு எழுதிக்குங்க" என்றாள். ஆகவே நாச்சம்மாள் என்று வைத்துக்கொள்வோம். காங்கேயத்துக்குப் பக்கம் ஒரு தோட்டத்தில் அண்ணன் வீட்டோடு இருந்தாள். என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. என்னை மாமா என்பாள்.

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் பக்கத்தில் அவனுடைய அக்காளையோ தங்கையையோ அலங்கரித்து உட்கார வைப்பார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை தங்கை கையில். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளை விட்டுவிட மாட்டேன் என்று ஊரறியச் சொல்வதுதான் அந்தச் சீர். கணவனை இழந்தவள் அதில் உட்காரக் கூடாது. நாச்சம்மாளின் கணவன் செத்த மறு வருடம் அவள் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. பெரியப்பா மகள் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். நாச்சம்மாள் பந்தலுக்குப் பின்னால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

இதை ஒரு நாள் பேச்சுவாக்கில் நான்தான் அவரிடம் சொன்னேன். அந்தத் தோட்டத்திலேயே அப்போது படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. படத்தில் ஒரு கல்யாணம், அதில் ஒரு இணைச்சீர். நாச்சம்மாளின் அண்ணன் மாடு வாங்க வெளியூர் போயிருந்தார்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அந்தப் பொண்ணையே உக்கார வெச்சா என்ன வாத்தியாரே?"

"அவங்க அண்ணன் ஒத்துக்க மாட்டாருங்க."

"அண்ணன எதுக்குக் கேக்கோணும்? கை மட்டுந்தான் எடுப்போம்னு சொல்லுங்க. மூஞ்சி படத்துல விழாதுன்னு சொல்லுங்க."

"நெசமா விழாதுங்களா?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மாட்டுத்தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அவளிடம் போனேன்.

"வேண்டாமுங்க மாமா. ஆராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"கைதான் அம்மணி தெரியும். மூஞ்சி தெரியாது. நான் இருக்கறனல்ல?"

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"கையப் பாத்து ஆரு என்ன கண்டுபிடிக்கப் போறாங்க?"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கழுநீர் படிந்த கைகள். "கழுவிட்டு வாரனுங்க" என்று உள்ளே போனாள்.

பூ வைத்தார்கள், பொட்டு வைத்தார்கள், பட்டு கட்டினார்கள். தோட்டத்து ஆட்கள் யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டோம். அண்ணனாக நடித்தவன் ஒரு முனையைப் பிடித்தான், அவள் ஒரு முனையைப் பிடித்தாள். சீர் முடிந்தது. நான் சொன்னேன்: "போதுமுங்க, எல்லாரும் காப்பி சாப்பிடலாமுங்க."

அண்ணனாக நடித்தவன் சேலையை அப்படியே மணையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. யாருமில்லாத மணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே கிடந்த முனையை மெல்ல இழுத்து எடுத்தாள். தூசியைத் தட்டினாள். கரையோடு கரை சேர்த்து மடித்தாள். மடியில் வைத்துக் கையால் நீவிவிட்டாள். தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்து, யாருக்கோ பதில் சொல்வதுபோல் லேசாகச் சிரித்தாள். போர்வைக்குள் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுவது அந்தக் காட்சியைத்தான். வெளிநாட்டில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு பேட்டியில் என்னைக் கேட்டபோது, "அந்தப் பெண் முழுச் சம்மதத்தோடு நடித்தார்" என்றேன். அதுவும் என் குரல்தான்.

அண்ணன் காங்கேயத்தில் படம் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள். எங்கள் பக்கத்துக் கோபத்துக்குச் சத்தம் கிடையாது. அவளுக்குச் சோறு வந்தது, துணி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு விசேஷத்துக்கும் அழைக்கவில்லை. அவளே ஒரு நாள் கிளம்பிச் சென்னிமலையில் ஒரு சித்தி வீட்டுக்குப் போய், தறிக்கு நூல் சுற்றிக் காலத்தைத் தள்ளினாள்.

என் மனைவி ஒரே ஒரு தடவை அதைப் பேசினாள். "உங்க வாயில பொய் வருமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க." அவள் இறக்கும்வரை நான் பதில் சொல்லவில்லை.

அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போயிருந்தேன். உடம்பு வற்றிப்போய்விட்டது, கண் மட்டும் அறையில் அலைந்துகொண்டிருந்தது. நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனதும், "வெளிய போயி என்ன மூஞ்சி காட்டறாங்கன்னு பாத்துட்டு வாங்க வாத்தியாரே" என்றார். சிரித்தேன். பிறகு, நாச்சம்மாளை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாம் இல்லையா என்று கேட்டேன்.

அவர் கண் என்மேல் வந்து நின்றது. "போனா சும்மா போவனா? கேமரா எடுத்துட்டுத்தான் போவேன். அதனாலதான் போகல."

அவரிடம் நான் கேட்ட பேச்சுகளில் இது ஒன்றுதான் அவர் தன்னைப் பற்றிச் சொன்னது. அதற்காகவே அவரை என்னால் முழுக்க வெறுக்க முடியவில்லை. நான் ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் இந்த அளவுக்குக்கூடக் காரணம் இல்லை.

கண்காட்சிக்கான துணிப் பதாகைகள் அவிநாசி ரோட்டில் கட்டப்பட்ட வாரம் எனக்கு ஒரு போன் வந்தது.

"மாமா, நாச்சம்மா பேசறனுங்க."

என் மகளிடம் நம்பர் வாங்கியிருந்தாள். குரல் முற்றிப்போயிருந்தது, அந்த 'மாமா' மாறவில்லை. அண்ணன் நேரில் வந்திருந்தாராம். பேரனுக்குக் கல்யாணம். "நீ வரோணும்" என்று பத்திரிகைத் தட்டை நீட்டினாராம். வேறொன்றும் பேசவில்லையாம். அதுவே போதும் என்றிருந்திருக்கிறாள். மறுநாள் யாரோ ஒரு பிள்ளை போனில் அந்தப் பதாகையின் படத்தை அனுப்பியிருக்கிறது. பூவும் பொட்டுமாக அவள் முகம், ஆள் உயரத்துக்கு. கல்யாண மண்டபம் அதே ரோட்டில்.

"சொந்தமெல்லாம் அந்த வழியாத்தான் வருமுங்க. அண்ணன் தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறத நான் பாக்கோணுமுங்களா? அத எடுத்துரச் சொல்லுங்க மாமா. இல்லீன்னா நான் போகாம இருந்துக்கறேன்."

அருங்காட்சியகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவள் யாழினி என்ற இளம்பெண். மரியாதையானவள், படித்தவள், அவருடைய படங்களை என்னைவிட நன்றாக அறிந்தவள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "சார், இந்தக் காட்சி இல்லாம அவரோட கண்காட்சியே இல்லீங்க. அவங்க சம்மதிச்சுத்தான் நடிச்சாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே?"

"அது பொய்ம்மா" என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். அவள் கண் பெரிதானது. சொல்லி முடித்ததும் சற்று யோசித்து, "சார், இதையும் வெக்கலாமே? நீங்க இப்ப சொன்னதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி, அந்தக் காட்சிக்குப் பக்கத்துல இன்னொரு திரையில போடலாம். ரொம்ப நேர்மையா இருக்கும்" என்றாள்.

பதிலை யோசிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் யோசித்தேன். எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்பதுவரை யோசித்தேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் வருந்துவதற்குக்கூட நல்ல வெளிச்சம் தேடுகிறான்.

நாச்சம்மாளுக்குப் போன் செய்து அவர்கள் தயங்குகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"சரீங்க. நானே வாரேன். நான் இன்னும் அதப் பாக்கவே இல்லீங்களே."

சென்னிமலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெளுத்த நூல்சேலை, கையில் ஒரு கட்டைப்பை. வாசலில் தொங்கிய பதாகையை நிமிர்ந்து பார்க்காமல் என் பின்னால் வந்தாள். யாழினி ஓடி வந்து வணங்கினாள். அந்தக் காட்சிக்கென்று ஒரு தனிக் கூடம். சுவர் முழுக்க அவள் முகம். முடிந்ததும் மறுபடி தொடங்கும்படி வைத்திருந்தார்கள்.

நாச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சுவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துக் கிசுகிசுத்துக்கொண்டார்கள். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, காப்பி சாப்பிடலாமுன்னு சொன்னீங்களே, அதுக்கப்பறமுங்களா இது?"

"ஆமா அம்மணி."

"எனக்கு அன்னைக்குக் காப்பியே வரலீங்க" என்றாள்.

யாழினி அவள் பக்கத்தில் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "பாட்டி, இதை எடுத்துடலாங்களா? பதாகை, இது, எல்லாத்தையும்? நீங்க சொல்ற மாதிரி செய்யறேங்க."

எவ்வளவு எளிய கேள்வி. அன்று மாட்டுத்தொட்டி அருகில் நான் எவ்வளவோ பேசினேன், இதைக் கேட்கவில்லை. போன வாரம் இவளிடம் வந்தபோதும் நான்தான் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நொடியில் நான் வேண்டியது வேறு. எடுக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினேன். பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டாள், மன்னித்துவிட்டாள், இருக்கட்டும் என்பாள். என் வாழ்நாளில் நான் பங்குபெற்ற ஒரே பெரிய காரியம் அந்தச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் நான் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார்.

"ஆமா கண்ணு, எடுத்துரு" என்றாள் நாச்சம்மாள்.

யாழினி எழுந்து போய் யாரிடமோ பேசினாள். சற்று நேரத்தில் சேலையை மடித்துக்கொண்டிருந்த கைகள் பாதியில் மறைந்தன. சுவர் வெறும் சுண்ணாம்புச் சுவராயிற்று. பிள்ளைகளில் ஒருவன் "அய்யோ" என்றான்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வந்தது, எல்லாம் முடிந்தது, இப்போது அவள் முகத்தில் என்ன வரும் என்று, அவர் பார்ப்பதைப்போலவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பினாள். "இன்னும் என்னங்க மாமா பாக்கறீங்க?"

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து எனக்கு முன்னால் நடந்தாள். வாசல்வரை தரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.